தாளில் இருப்பவன் செத்தால்

தாயம் ஆடும்போது காய் வெட்டுப்பட்டால் யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. (ஆட்டத்தைக் கலைத்துவிட்டு அழுதுகொண்டே ஓடும் வாண்டுகளை விட்டுவிடுவோம்.) வெட்டுப்பட்ட காய் கட்டத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். மறுபடி தாயம் விழுந்தால் உள்ளே வரும். அவ்வளவுதான். புளியங்கொட்டையோ, உடைந்த வளையல் துண்டோ, அதற்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, மழைக்காலத்தில் முட்டி வலிக்காது. வெட்டியவன் மேல் கோபம் வருமே தவிர, வெட்டுப்பட்ட காய்க்காக யாரும் பரிதாபப்படுவதில்லை.

இப்போது அந்தக் காய்க்கு ஒரு பெயர் வைத்துப் பாருங்கள். ஒரு ஊர் வையுங்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கிய கடன் ஒன்றை அதன் தலையில் கட்டுங்கள். ஒன்றரை வருஷம், சனிக்கிழமை தவறாமல், அதன் குரலில் பேசுங்கள். அப்புறம் ஒருநாள் பகடையில் தப்பான எண் விழுந்து அது செத்துப்போகட்டும். என்ன செய்வீர்கள்?

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் ஆடுகிறவர்கள் ஐம்பது வருஷமாக இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். என் வகுப்பில் பாதிப்பேருக்கு நான் சனிக்கிழமை ராத்திரி என்ன செய்கிறேன் என்பதே மர்மம் என்பதால், தெரியாதவர்களுக்கு நாலு வரி. தெரிந்தவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' முதல் எபிசோடில் (2016) நாலு பையன்கள் வீட்டு நிலவறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார்களே, அதுதான் இது. ஒருத்தர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். அவர் உலகத்தைச் சொல்வார்: முன்னால் ஒரு குகை, உள்ளே ஏதோ உறுமுகிறது. மற்றவர்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர். "நான் உள்ளே எட்டிப் பார்க்கிறேன்" என்பான் ஒருவன். முடியுமா முடியாதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகப் பகடையை உருட்டுவோம். நல்ல எண் விழுந்தால் நடக்கும், இல்லையென்றால் உறுமியது வெளியே வரும். ஜெயிப்பது தோற்பது என்று எதுவும் கிடையாது. கதை மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும். மெகா சீரியல் மாதிரிதான். ஆனால் எழுதுகிறவர்களும் நடிக்கிறவர்களும் பார்க்கிறவர்களும் அதே ஐந்து பேர்.

சரி, சாவுக்கு வருவோம்.

இந்த வகை விளையாட்டு பிறந்தது போர் விளையாட்டிலிருந்து. மேஜைமேல் ஈய பொம்மை வீரர்களை அணிவகுக்க வைத்து வாட்டர்லூவை மறுபடி ஆடிப் பார்க்கும் பொழுதுபோக்கு அது. ஒரு பொம்மை என்பது பலசமயம் இருபது வீரர்கள். அடி பட்டால் எடுத்துக் கீழே வைத்துவிடுவார்கள். தாயக்காய் கதைதான். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவ் ஆர்னசன் என்பவர் நண்பர்களோடு 'பிளாக்மோர்' என்ற கற்பனை நாட்டில் ஆட ஆரம்பித்தபோது, ஒரு ஆளுக்கு ஒரே ஒரு வீரன் என்று வந்தது. அங்கேதான் சிக்கல். பழைய விதிப்படி ஓர் அடி பட்டால் ஆள் காலி. ஆனால் அன்றைக்கு ராத்திரி முழுக்க ஒரே வீரனாக இருந்தவனுக்கு, அவனை எடுத்துக் கீழே வைக்க மனசு வரவில்லை. ஆர்னசன் ஒரு கடற்போர் விளையாட்டின் விதிகளிலிருந்து ஒரு யோசனையைக் கடன் வாங்கியதாகப் பிற்பாடு சொன்னார். அமெரிக்க உள்நாட்டுப் போரின் இரும்புக் கவசக் கப்பல்கள் ஒரே குண்டில் மூழ்காது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேதமாகும். அந்தக் கணக்கை மனுஷனுக்குப் போட்டார். அதுதான் 'ஹிட் பாயின்ட்'. இன்றைக்கு மொபைல் கேமில் தலைக்கு மேல் பச்சையும் சிவப்புமாக ஓடுகிறதே உயிர்க்கோடு, அதற்கு இது பாட்டன் முறை.

எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும். யாரோ ஒருவன் தன் பொம்மையைக் கீழே வைக்க மறுத்ததில்தான் இந்த விளையாட்டின் முக்கியமான விதியே பிறந்திருக்கிறது.

ஆனால் 1974இல் ஆர்னசனும் கேரி கைகேக்ஸும் சேர்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெட்டியில் போட்டு வெளியிட்டபோது, (முதலில் அச்சடித்தது 1000 பெட்டிதான்) அதில் உயிர் இன்னமும் சல்லிசாகத்தான் இருந்தது. ஹிட் பாயின்ட் பூஜ்யமா, செத்தாய். பேச்சே இல்லை. அடுத்து வந்த விதிகளில் முதல் லெவல் மந்திரவாதிக்கு நாலு முகப் பகடையை உருட்டித்தான் உயிர் நிர்ணயம். அதில் 1 விழுந்தால் அவன் உயிர் ஒன்று! வீட்டுப் பூனை பிறாண்டினாலே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று பழைய ஆட்டக்காரர்கள் இன்னும் கிண்டல் செய்கிறார்கள். அதனால் அந்தக் காலத்தில் யாரும் முதல் நாளே கேரக்டருக்கு ஜாதகம் எழுதி வைக்கவில்லை. மூன்றாவது நாலாவது லெவல் வரை பிழைத்துக்கிடந்தால் பிறகு பெயர் வைக்கலாம் என்கிற மனநிலை. அஞ்சு பிள்ளை பெற்று இரண்டு தங்கும் என்று நினைத்த காலத்துத் தாத்தா பாட்டிகள் மாதிரி.

இதன் உச்சம் 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. கைகேக்ஸ் எழுதிய நிலத்தடிக் கல்லறை. 1975இல் பால்டிமோரில் நடந்த ஆரிஜின்ஸ் மாநாட்டில் போட்டியாக ஆடவைத்தார், 1978இல் புத்தகமாக வந்தது. ஆரம்பத்திலேயே சுவரில் ஒரு பச்சைப் பிசாசு முகம் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே ஒரே இருட்டு. வழி போலிருக்கிறதே என்று ஏறிக் குதித்தால் முடிந்தது. காயம் இல்லை, பிணம் இல்லை, எலும்பு இல்லை. ஆளே இல்லாமல் போய்விடுவான். தப்பிக்கப் பகடை உருட்டும் சலுகைகூடக் கிடையாது. பெரிய பெரிய சூரர்களின் கொழுப்பை அடக்கத்தான் அதை எழுதினார் என்பார்கள். படிக்க எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. ஆட மாட்டேன்.

அப்புறம் காற்று திசை மாறியது. 1984இலிருந்து 'டிராகன்லான்ஸ்' வரிசை வந்தது. டிரேசி ஹிக்மன், மார்கரெட் வைஸ் கூட்டணி. அதே கதை நாவலாகவும் வந்துகொண்டிருந்தது. இங்கே ஹீரோக்கள் முன்கூட்டியே தீர்மானமானவர்கள். நாவலில் கடைசிவரை வரவேண்டிய ஆள் உங்கள் மேஜையில் முதல் வாரமே குழியில் விழுந்து செத்தால் என்ன செய்வது? அதற்கு ஒரு அழகான தந்திரம் வைத்திருந்தார்கள். முக்கியமான பாத்திரம் செத்தால், பிணம் கிடைக்காதபடி சாகவிடுங்கள் என்று டி.எம்.முக்கு ஆலோசனை. நம்மூர் சீரியலில் மலையிலிருந்து கார் உருண்டு வெடிக்கும், ஆறு மாதம் கழித்துத் தலையில் கட்டோடு "நான் சாகல" என்று வருவார்களே, அப்படியே அச்சு அசல்! 1984லேயே அமெரிக்காக்காரன் இதை விதியாகவே எழுதி வைத்திருக்கிறான்.

விதிப்புத்தகங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் சாவு கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போவது தெரியும். 1974இல் பூஜ்யம் என்றால் சாவு. 1979இல் வந்த டன்ஜன் மாஸ்டர் கையேட்டில் பூஜ்யம் என்றால் மயக்கம், மைனஸ் 10 வரை ரத்தம் கசியும், அதற்குள் யாராவது கட்டுப் போட்டால் பிழைக்கலாம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பிலும் மைனஸ் 10தான் எல்லை, ஆனால் தானாகவே ரத்தம் நிற்க ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு வாய்ப்பு. 2014இன் ஐந்தாம் பதிப்பில் இன்னும் நாடகம்: உன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்டு. 10 அல்லது மேலே என்றால் வெற்றி, கீழே என்றால் தோல்வி. எது முதலில் மூன்று ஆகிறதோ அது. மூன்று வெற்றி என்றால் மூச்சு நிற்காது, மூன்று தோல்வி என்றால் சாவு. 20 விழுந்தால் கண் விழித்து எழுந்து உட்காரலாம். 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. (இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

செத்த பிறகும் கதை முடிவதில்லை, மீட்டுக் கொண்டுவர மந்திரங்கள் உண்டு. முன்பெல்லாம் அதற்கு விலை பெரிது. பழைய விதியில் ஒவ்வொரு முறை உயிர்த்தெழும்போதும் உடல்வலுவில் ஒரு புள்ளி நிரந்தரமாகக் குறையும், எழுவானா என்பதற்கே தனியாகப் பகடை. எல்ஃப் இனத்துக்கு 'ரெய்ஸ் டெட்' வேலையே செய்யாது. மூன்றாம் பதிப்பில் ஒரு லெவல் இறங்கும். இப்போது? 500 பொற்காசு பெறுமான வைரம் ஒன்று, செத்துப் பத்து நாளுக்குள், நாலு நாள் உடம்பு சரியில்லாதது மாதிரி இருக்கும், ஐந்தாம் நாள் பழையபடி. சாவு ஒரு ஆஸ்பத்திரி பில் ஆகிவிட்டது என்று பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது.

டி அண்ட் டி மட்டும்தான் ஆர்பிஜி என்று நினைத்துவிடாதீர்கள். மற்றவர்கள் இந்தச் சாவை வைத்து என்னவெல்லாமோ செய்திருக்கிறார்கள். 1977இல் வந்த 'டிராவலர்' என்ற விண்வெளி விளையாட்டில், கேரக்டரை உருவாக்கிக்கொண்டிருக்கும்போதே அவன் செத்துப்போகலாம். ராணுவத்தில் நாலு வருஷம் சேவை, பிழைத்தானா என்று பகடை, இல்லையா, தாளைக் கிழித்துவிட்டு அடுத்தவனை எழுது. ஆட்டமே இன்னும் ஆரம்பிக்கவில்லை சாமி! 1984இன் 'பாரனோயா'வில் ஆளுக்கு ஆறு குளோன். செத்ததும் அடுத்த குளோன் வந்து நிற்கும், சாவே ஜோக். இந்த இரண்டுக்கும் நேர் எதிர் 2015இல் ஸ்டீபன் டூவி எழுதிய 'டென் கேண்டில்ஸ்'. இருட்டு அறையில் பத்து நிஜ மெழுகுவர்த்தி. ஒவ்வொன்றாக அணையும். கடைசி அணையும்போது எல்லா கேரக்டரும் சாவார்கள். இது ரகசியமில்லை, ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் கேரக்டரின் குரலில் ஒரு கடைசிச் செய்தியைப் பதிவுசெய்து வைக்கவேண்டும். எல்லாம் முடிந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குரல்கள் ஒலிக்கும். சாகப்போகிறான் என்று தெரிந்துவிட்டால் என்ன சுவாரசியம் என்று கேட்டான் என் நண்பன் ஒருவன். கூத்தில் அபிமன்யு சாவான் என்று தெரியாமலா பாட்டிகள் விடிய விடிய உட்கார்ந்து அழுதார்கள்?

இதற்கு நடுவில் ஒரு அபத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். 1984இல் ஜாக் சிக் என்கிற அமெரிக்க மதப் பிரசாரகர் 'டார்க் டன்ஜன்ஸ்' என்று ஒரு துண்டுக் காமிக்ஸ் போட்டார். அதில் ஒரு பெண்ணின் கேரக்டர் விளையாட்டில் செத்துவிடும். உடனே அவளைக் கூட்டத்திலிருந்தே விரட்டிவிடுவார்கள், அவள் உயிரை மாய்த்துக்கொள்வாள். இந்த விளையாட்டு பிசாசு வழிபாடு என்று நிரூபிக்கிறாராம். இன்றைக்கு ஆட்டக்காரர்கள் அதை வைத்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நிஜத்தில் நடப்பது என்னவென்றால், கேரக்டர் செத்தவன் பத்து நிமிஷம் உம்மென்று இருப்பான், யாராவது சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுவார்கள், அரை மணி நேரத்தில் புது ஆளை எழுதிக்கொண்டு வருவான். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் பொய் இல்லை. 2018இல் 'கிரிட்டிக்கல் ரோல்' நிகழ்ச்சியில் டாலிசின் ஜாஃபி ஆடிய மாலிமாக் என்கிற கேரக்டர் செத்தபோது அந்த மேஜையில் விழுந்த அமைதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தொழில்முறைக் குரல் நடிகர்கள் அவர்கள். நடித்துக் காட்டத் தெரிந்தவர்கள். அன்றைக்கு அவர்கள் நடிக்கவில்லை. உயிர்ப்பிக்க வழியில்லாமல் அவனைப் புதைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. ஒரு கேரக்டரைக் கொல்லும் உரிமை யாருக்கு? பகடைக்கா, டி.எம்.முக்கா, ஆடுகிறவனுக்கா?

டி.எம். நினைத்தால் காப்பாற்றலாம். அவர் முன்னால் ஒரு அட்டைத் திரை இருக்கும், அதன் பின்னால் அவர் உருட்டும் எண் நமக்குத் தெரியாது. 19 விழுந்ததை 9 என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? கைகேக்ஸே 1979 கையேட்டில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். எல்லாம் சரியாகச் செய்தவன் வெறும் துரதிர்ஷ்டத்தால் சாகப்போனால், மயக்கம் என்றோ கை போயிற்று, கண் போயிற்று என்றோ மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். கொடூரமான பச்சைப் பிசாசு வாயை எழுதிய அதே மனுஷன்!

நான் இதற்கு எதிர்க்கட்சி. காரணம் தத்துவம் இல்லை, அனுபவம். 2020 ஊரடங்கில், பத்தாம் வகுப்பு ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஆன்லைன் குழுவில் சேர்ந்து எட்டு மாதம் ஆடினேன். நாங்கள் ஆறு பேர், முகம் பார்த்ததில்லை. எத்தனையோ முறை மயிரிழையில் தப்பித்தோம். ஒரு டிராகனிடமிருந்து ஒரே ஒரு ஹிட் பாயின்ட்டோடு நான் தப்பி வந்த கதையை வீட்டில் அம்மாவிடம்கூடச் சொன்னேன். (அவர் "சாப்பிட வா" என்றார்.) கடைசி நாள், கதை முடிந்து எல்லோரும் நெகிழ்ந்துபோய் இருக்கையில், டி.எம். பெருமையாகச் சொன்னார்: "உங்கள யாரையும் சாகவிடக் கூடாதுன்னு முதல் நாளே முடிவு பண்ணிட்டேன். ஒரு இருபது முப்பது தடவை நம்பரை மாத்தியிருப்பேன்." நல்ல எண்ணம்தான். அன்பில்தான் செய்தார். ஆனால் ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது அந்த ஒரு ஹிட் பாயின்ட் என் கையிலிருந்து போய்விட்டது. தப்பித்தது நான் இல்லை, தப்பிக்க வைக்கப்பட்டவன். எட்டு மாதமும் பின்னோக்கி உளுத்துப்போனது. தேர்வில் எடுத்த மார்க்கெல்லாம் வாத்தியார் பாவம் பார்த்துப் போட்டது என்று அஞ்சு வருஷம் கழித்துத் தெரிந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அதனால் காலேஜ் வந்து, ஹாஸ்டலில் ஐந்து பேர் சேர்ந்தபோது நான் போட்ட ஒரே நிபந்தனை: பகடை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உருள வேண்டும். டி.எம். எம்.எஸ்சி. படிக்கும் சீனியர் அண்ணன். "சரிடா, அப்புறம் அழக்கூடாது" என்று சிரித்தார்.

என் ரூம்மேட்டின் கேரக்டர் பெயர் மருதன். ஹாஃப்லிங் இனம், மூன்றடி உயரம், திருடன். அநாதை. யாரையும் நம்பாதவன், பங்கு பிரிக்கும்போது எப்போதும் இரண்டு காசு அதிகமாக எடுத்துக்கொள்பவன். ஒன்றரை வருஷத்தில் ஐந்தாவது லெவல் வந்திருந்தோம். ஓர்க் கூட்டம் துரத்த, ஒரு பள்ளத்தாக்கின் கயிற்றுப் பாலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தோம். மருதன் கடைசியாக வந்தான். தாண்டியதும் ஓடாமல் திரும்பி நின்று கயிற்றை அறுக்க ஆரம்பித்தான். அறுத்தும் முடித்தான். பாலம் அறுந்து விழும்போது எதிர்க்கரையிலிருந்து வந்த அம்புகள் அவனைச் சாய்த்தன.

நான் ட்வார்ஃப் கிளெரிக், அதாவது வைத்தியம் தெரிந்த குள்ளப் பூசாரி. 90 அடி தள்ளி இருந்தேன். கையில் மந்திரம் ஒன்றும் மீதியில்லை, ஆனால் பக்கத்தில் போய்க் கட்டுப் போட்டால் போதும். ட்வார்ஃபுக்குக் குட்டைக் கால், விழுந்தடித்து ஓடினாலும் ஒரு சுற்றுக்கு 50 அடிதான். ரூம்மேட் முதல் பகடையை உருட்டினான்: 7. ஒரு தோல்வி. நான் 50 அடி ஓடினேன். இரண்டாவது: 14. ஒரு வெற்றி. நான் மீதி 40 அடியையும் ஓடி அவன் பக்கத்தில் போய் நின்றுவிட்டேன். அந்தச் சுற்றில் எனக்கு வேறெதுவும் செய்ய நேரமில்லை. அடுத்த என் முறையில் கட்டுப் போட்டுவிடலாம். அதற்கு முன்னால் அவன் முறை.

பகடை கட்டிலிலிருந்து எகிறிக் கீழே விழுந்து, என் டிரங்குப் பெட்டிக்கு அடியில் போய்விட்டது. ரூம்மேட் மொபைல் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தான். "ஒன்னு" என்றான். இரண்டு தோல்வி. ஆக மூன்று.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. டி.எம். அண்ணன்தான் முதலில், "கீழ விழுந்தா செல்லாதுடா, மேல போடு" என்றார். அதுவரைக்கும் எங்கள் ரூமில் கீழே விழுந்த பகடை எல்லாம் செல்லும். அவருக்கும் தெரியும்.

"இத்தனை நாள் செல்லுச்சுண்ணா. இன்னைக்கும் செல்லும்" என்றான் அவன்.

எங்களால் விட முடியவில்லை. பத்து நாள் இருக்கிறதே! பிணத்தைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு நகரத்துக்கு நடந்தோம். எங்களில் யாருக்கும் 'ரெய்ஸ் டெட்' போடும் அளவுக்கு லெவல் இல்லை, அங்கே கோயிலில் பெரிய குரு ஒருவர் உண்டு. வைரம் வாங்கப் பாலடின் தன் குதிரையை விற்றான். மந்திரவாதி சுருள்களை விற்றாள். நான் என் பாட்டன் கேடயத்தை விற்றேன். (கேடயமும் கற்பனைதான், ஆனால் அதற்கு மூன்று பக்கம் வரலாறு எழுதி வைத்திருந்தேன், ஆமாம்.) இரண்டு சனிக்கிழமை இதிலேயே போயிற்று. அந்த இரண்டு வாரமும் ரூம்மேட், அண்ணன் கொடுத்த ஒரு கூலிக்காரக் காப்ளினை ஆடிக்கொண்டு, பிணத்தைத் தூக்குவதில் எங்களுக்கு உதவிக்கொண்டு வந்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் கோயிலில் குரு வைரத்தை மருதன் நெஞ்சில் வைத்தார். இந்த மந்திரத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு: ஆன்மாவுக்குத் திரும்பி வர விருப்பம் இருக்கவேண்டும். அண்ணன் அவன் பக்கம் திரும்பி, "மருதா, தூரத்துல யாரோ உன்னக் கூப்பிடுறாங்க. வர்றியா?" என்றார்.

அவன் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. "வரலண்ணா."

ரூமில் வெடித்த சண்டையை இங்கே எழுதினால் பதிவு சென்சார் ஆகிவிடும். குதிரையை விற்றவன்தான் அதிகம் கத்தினான். எனக்கும் கடுப்புதான். "வர்றதில்லன்னா ரெண்டு வாரம் முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா?" என்றேன்.

"அவன் திரும்பி வந்துட்டா அந்தப் பாலம் வெறும் ஐந்நூறு காசு செலவுடா" என்றான். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "நீங்க எல்லாரும் அவனுக்காக அலையுறதப் பாக்க நல்லா இருந்துச்சு. அவனுக்கு யாரும் அப்படி அலைஞ்சதில்ல" என்றான்.

அவன் மருதனைப் பற்றித்தான் பேசினான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவன் லீவுக்கு ஊருக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே இருப்பவன் என்பது வேறு விஷயம். இதற்கு மேல் அதை எழுத எனக்கு உரிமை இல்லை.

சுயநலம் என்றான் பாலடின். கதை ஐந்து பேருடையது, ஒருத்தன் மட்டும் எப்படி முடிவெடுக்கலாம் என்பது அவன் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவனைக் கொன்றது பகடை. அதை யாரும் மாற்றவில்லை. காப்பாற்ற எங்களுக்கு வழி இருந்தது, அதையும் யாரும் தடுக்கவில்லை. கடைசியாக ஒரு கதவு மிச்சம் இருந்தது, அதன் சாவி மட்டும் அவன் கையில். டிராகனிடமிருந்து நான் தப்பித்ததாக நினைத்த அந்த எட்டு மாதத்தில் ஒரு சாவிகூட என் கையில் இல்லை. அதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் இப்போதும் சொல்வேன், என் கேடயம் போனதையும் சேர்த்தே.

ஆன்மா மறுத்தால் வைரம் கரையாது என்று அண்ணன் தீர்ப்பு சொன்னதால், அது என் பையில்தான் இருக்கிறது. விற்றுக் குதிரையை மீட்கலாம் என்று பாலடின் வாரா வாரம் மனு போடுகிறான். மருதனை ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் புதைத்தோம். நிஜத் தாள் ரூம்மேட்டின் லேப் ரெக்கார்டுக்குள் இருக்கிறது. ஹிட் பாயின்ட் எழுதும் கட்டத்தில் ஒன்றரை வருஷம் அழித்து அழித்து எழுதியதில் தாள் இழைந்து, வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிறது.

அவனுடைய புதுக் கேரக்டர் ஒரு பாணன். மருதனைப் பார்த்ததே இல்லாதவன். ஊர் ஊராகப் போய்ப் பாலத்தை அறுத்த வீரனைப் பற்றிப் பாட்டுப் பாடிக் காசு வாங்குகிறான், காசில் எங்களுக்குப் பங்கு தருவதில்லை. பாட்டில் மருதனுக்கு ஆறடி உயரம், கையில் வாள். ஒவ்வொரு சத்திரத்திலும் என் ட்வார்ஃப் எழுந்து நின்று, மூன்றடிதான், கையில் இருந்தது வெங்காயம் நறுக்கும் கத்தி என்று திருத்திக்கொண்டிருக்கிறான்.